அத்தை மகனுக்கு ஆதாரம்

புருஷனைக் கனடாவுக்குக் கூப்பிட நிரப்ப வேண்டிய படிவங்களில் ஐஎம்எம் 5532 என்று ஒன்று இருக்கிறது. மற்ற படிவங்கள் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் என்று வாசலோடு போய்விடும். இதுதான் உள்ளே வந்து, பாயை விரித்து உட்கார்ந்து, "சரி, இப்பச் சொல்லு" என்று ஆரம்பிக்கும். நீங்கள் இருவரும் முதன்முதலில் எந்தத் தேதியில், எந்த இடத்தில், எந்தச் சூழ்நிலையில் சந்தித்தீர்கள்? யார் அறிமுகம் செய்துவைத்தார்கள்?

கேட்டவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒட்டாவாவில் உட்கார்ந்து கேள்வி தயாரிக்கிற ஒருவரிடம் அத்தை மகன் என்கிற பிறவியைப் பற்றி யார் சொல்லியிருப்பார்கள்? நான் பிறந்து 16ஆம் நாள் தொட்டில் கட்டினார்கள். அப்பாவின் தங்கச்சி, அதாவது என் அத்தை, சேனை தொட்டு வைக்க வந்தாள். அவள் இடுப்பில் மூக்கு ஒழுகிக்கொண்டு ஒரு மூன்று வயதுப் பையன். அவனைத் தொட்டிலுக்கு மேலே தூக்கிப் பிடித்து, "ஏலே, ஒம் பொண்டாட்டியப் பாத்துக்கிடு" என்று அப்பத்தா காட்டியிருக்கிறாள். பையன் எட்டிப் பார்த்துவிட்டு ஓவென்று அழுதானாம். இதைத்தான் நான் படிவத்தில் எழுத வேண்டும். தேதி தெரியும். இடம், குளத்தூர், எங்கள் வீட்டுப் பட்டாசல். அறிமுகம் செய்தவர், இரு தரப்புக்கும் பாட்டி. சூழ்நிலை என்கிற கட்டத்தில் "விண்ணப்பதாரர் அழுதார், ஸ்பான்சர் தூங்கிக்கொண்டிருந்தார்" என்று எழுதினால் உண்மையாகத்தான் இருக்கும்.

ரத்த உறவா என்ற விவரத்தையும் மறைக்க முடியாது. டொராண்டோவில் என்னோடு வேலை பார்க்கிறவர்களிடம் இதைச் சொன்னபோது பேச்சு சட்டென்று வேறு பக்கம் போனது. ஒருத்தி காபி எடுத்து வருவதாகச் சொல்லிப் போனவள் வரவே இல்லை. ஆனால் கனடாவின் சட்டத்துக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. 1990இல் அவர்கள் போட்ட தடை உறவுகள் சட்டம் நேர் வாரிசு முறையில் வருகிறவர்களையும் கூடப் பிறந்தவர்களையும் கட்டக் கூடாது என்கிறது. அத்தை மகன் பற்றி அது வாயே திறக்கவில்லை. பார்க்கப்போனால் நம் நாட்டு இந்து திருமணச் சட்டம்தான் கெடுபிடி. நெருங்கிய உறவில் கூடாது என்று 1955லேயே சொல்லிவிட்டு, "வழக்கம் இருந்தால் சரி" என்று ஒரு சந்து விட்டு வைத்திருக்கிறது. தென்மாவட்டம் முழுக்க அந்தச் சந்து வழியாகத்தான் மேளதாளத்தோடு போய்க்கொண்டிருக்கிறது.

குளத்தூர் என்றதும் சென்னைக்காரர்கள் பெரம்பூர் பக்கமா என்பார்கள். இது வேறு. தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராமநாதபுரத்தைப் பார்த்துப் போனால் வேப்பலோடை உப்பளங்களைத் தாண்டி வரும். கிழக்கே கொஞ்சம் நடந்தால் உப்பு, மேற்கே திரும்பினால் கோவில்பட்டி வரைக்கும் கரிசல். உளுந்து, பாசி, கம்பு, மல்லி, வத்தல் என்று எல்லாமே வானத்தைப் பார்த்த வெள்ளாமை. ஐப்பசியில் மழை இறங்கினால் தை, மாசியில் சோறு. இறங்காவிட்டால் அடுத்த ஐப்பசி. காத்திருப்பதில் எங்களுக்கு ஒரு நாட்டுக் குடிவரவுத் துறையும் புதுசாகப் பாடம் எடுக்க முடியாது.

நான் கனடாவுக்குப் போனது 2015இல் அவர்கள் கொண்டுவந்த எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக. பெயர்தான் எக்ஸ்பிரஸ், உள்ளே முழுக்க மார்க் கணக்கு. வயசுக்கு மார்க், படிப்புக்கு மார்க், இங்கிலீஷுக்கு மார்க். 20 முதல் 29 வயது வரை வயசுக்கு முழு மதிப்பெண் 110. முப்பது பிறந்ததும் 105, அப்புறம் வருஷத்துக்கு வருஷம் இறங்குமுகம். ஒரு பொம்பளப் பிள்ளைக்கு 29 தாண்டினால் மதிப்புக் குறையும் என்பதில் எங்க அப்பத்தாவும் கனடா அரசாங்கமும் ஒரே கட்சி என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரே ஒரு இடத்தில்தான் இரண்டு பேருக்கும் பேதம். தனி ஆளாகப் போட்டால் அடிப்படைக் கணக்கில் 500 வரை தன் பெயரிலேயே எடுக்கலாம். புருஷன் இருந்தால் 460தான், மீதி 40ஐ அவர் சம்பாதித்துத் தர வேண்டும். எங்க மச்சான் உளுந்து மூட்டையைத் தொட்டுப் பார்த்தே ஈரப்பதம் சொல்வார். அதற்கு மார்க் இல்லை. ஐஇஎல்டிஎஸ் பரீட்சை எழுதச் சொன்னால், "அது எந்தப் பட்டத்துல விதைக்கிறது?" என்பார்.

ஆகவே தனி ஆளாகப் போட்டேன், நிரந்தர வாழ்வுரிமையும் கிடைத்தது. விமானம் ஏறுவதற்கு முன்னால்தான் ஊரில் பஞ்சாயத்து ஆரம்பித்தது. "கழுத்துல ஒரு மஞ்சக் கயிறோட போ தாயி. கோயில்ல வச்சு அஞ்சு நிமிசத்துல முடிச்சுருவோம். அவன்கிட்ட எதுக்குச் சொல்லணும்?" என்று அப்பத்தா. அவள் "அவன்" என்றது கனடாவை. விளாத்திகுளத்தில் விசா வேலை பார்க்கிற ஒரு புண்ணியவானும், "சிங்கிள்னே எறங்குங்க மேடம், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

இந்த இடத்தில் மட்டும் நகைச்சுவையைக் கொஞ்சம் ஓரமாக வைக்கிறேன், ஏனென்றால் நிறையப் பிள்ளைகள் இதில்தான் விழுகிறார்கள். கனடாவின் குடிவரவு விதிகளில் 117(9)(டி) என்று ஒரு உட்பிரிவு 2002இலிருந்து இருக்கிறது. நீங்கள் அங்கே போய் இறங்குகிற நாளில் உங்களுக்கு மனைவியோ கணவரோ பிள்ளையோ இருந்து, அதை அறிவிக்காமல் விட்டிருந்தால், பிற்பாடு அந்த ஆளைக் குடும்ப வகையில் அழைக்கவே முடியாது. மறந்துவிட்டேன் என்றாலும் அதே பதில், ஏஜென்ட் சொன்னார் என்றாலும் அதே பதில். 2019 செப்டம்பரில் சில வகையினருக்கு ஒரு தற்காலிகச் சலுகை கொடுத்துப் பிறகு நீட்டித்தார்கள். ஆனால் சலுகையை நம்பி யாரும் தாலியை மறைக்க வேண்டாம். நான் வெறுங்கழுத்தோடு இறங்கி, வேலை தேடி, ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிற சீட்டைப் பிடித்த பிறகு, ஒரு தை மாசம் ஊருக்கு வந்து கட்டிக்கொண்டேன். அதுவரைக்கும் அப்பத்தா என்னோடு போனில் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "சாப்பிட்டாளான்னு கேளு" என்று அம்மாவிடம் சொல்லுவது மட்டும் கேட்கும்.

கல்யாணம் முடிந்த மறுவாரமே பதிவு. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாக் கல்யாணத்தையும் 90 நாளைக்குள் பதிய வேண்டும். விட்டால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். எங்கள் பக்கம் மண்டபம் நிறைய ஆள் வந்து சாப்பிட்டுப் போன கல்யாணத்துக்கு எதற்குச் சர்ட்டிபிகேட் என்று பெரியவர்கள் கேட்டார்கள். சர்ட்டிபிகேட் வந்ததும் அடுத்த தலைவலி பெயர். மச்சானுக்குப் பள்ளிக்கூடச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக நீண்டு நிற்கிறது. குடும்பப் பெயர் என்ற கட்டம் காலி. கனடா கணினிக்குக் காலிக் கட்டம் ஆகாது. குடும்பப் பெயர் இல்லாதவருக்கு இருக்கிற ஒரே பெயரைத் தூக்கிக் குடும்பப் பெயர் கட்டத்தில் வைக்கச் சொல்கிறது. இப்படியாக எங்கள் குலசாமியின் பெயர் ஒரு கனடியக் குடும்பப் பெயராக உயர்ந்தது. அத்தைக்கு மட்டும் இதில் பெருமை. சாமி வெளிநாடு போகுதாம்.

அப்புறம் போட்டோ. கல்யாணப் படங்கள் 20க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. எங்கள் ஆல்பத்தில் பந்தியில் இலை போடுவதற்கே அதற்குமேல் இருந்தது. அதிகாரிக்கு வேண்டியது இவர்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள் என்று தெரிகிற படம். நான் ஆல்பத்தை முன்னும் பின்னும் புரட்டினேன். மணவறையில் மச்சான் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஐயரை முறைக்கிறார். நான் குனிந்து என் கால் கட்டைவிரலை ஆராய்கிறேன். இரண்டு பேருக்கும் நடுவில் எப்போதும் யாராவது ஒரு பெரியம்மா. மச்சான் வாய் நிறையச் சிரிக்கிற ஒரே ஒரு படம் கிடைத்தது. மறுவீட்டு விருந்தில், கறிச்சோற்றுக்கு முன்னால். அந்தப் படத்தில் நான் இல்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஆல்பத்தின் பின்பாதியில் காத்திருந்தது. விளாத்திகுளத்துப் போட்டோக்காரர் ரசனைக்காரர். எங்களை வெட்டி எடுத்து ஒரு பக்கத்தில் தாஜ்மகாலுக்கு முன்னால் நிறுத்தியிருந்தார். அடுத்த பக்கத்தில் தேயிலைத் தோட்டம். அதற்கடுத்து, பொண்ணு கனடா என்று கேள்விப்பட்டு ஸ்பெஷலாக, இரண்டு பக்கத்தையும் சேர்த்து நயாகரா. பட்டு வேட்டியும் மாலையுமாக மச்சான் அருவிக்கு முன்னால் நிற்கிறார். ஒரு சொட்டுத் தண்ணி மேலே படவில்லை. நிழல்கூட விழவில்லை. ஆனால் விண்ணப்பத்தில் "இதற்கு முன் கனடாவுக்கு வந்ததுண்டா?" என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதியிருக்கிறோம். தப்பான தகவல் கொடுத்தால் சட்டத்தின் 40ஆவது பிரிவில் ஐந்து வருஷம் விண்ணப்பிக்கவே தடை. ஒரு போட்டோக்காரரின் ரசனைக்காக ஐந்து வருஷம் கொடுக்க நான் தயாராக இல்லை. நயாகரா பக்கத்தை முதல் வேலையாக ஒதுக்கினேன்.

ஒருவரோடொருவர் தொடர்பில் இருக்கிறோம் என்பதற்கும் சாட்சி வேண்டும். செய்திப் பரிமாற்றம், கடிதம் எல்லாம் சேர்த்து 10 பக்கம். 10 பக்கத்துக்குள் எதை அடக்குவது என்று மற்றவர்கள் திணறுவார்களாம். நான் 10 பக்கம் தேற்றுவதற்குத் திணறினேன். எங்கள் வாட்ஸ்அப் இப்படி இருக்கும்.

"சாப்பிட்டாச்சா?"

"ம்."

"மழை உண்டா?"

"கருக்குது."

மறுநாள்: "பெஞ்சுச்சா?"

"ஏமாத்திட்டு."

இதேதான் புரட்டாசியிலிருந்து மார்கழி வரைக்கும். நடுநடுவே ஒரு வயல் போட்டோ, ஒரு செத்துப்போன டிராக்டர் பேட்டரி போட்டோ. என் மாடியில் குடியிருக்கிற யாழ்ப்பாணத்து அக்கா, தன் புருஷனை ஸ்பான்சர் பண்ணிக் கூப்பிட்ட அனுபவசாலி, இதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பிள்ளை, இதைப் பாத்தா ஒஃபிசர் காலநிலை அறிக்கை எண்டுதான் நினைப்பார். ஒரு வரியாவது அன்பா எழுதச் சொல்லுங்கோ." அன்றைக்கு ராத்திரி நானே முதல் அடி எடுத்து வைத்தேன். இருதயப் படத்தோடு மூன்று வார்த்தை, இங்கிலீஷில். ரொம்ப நேரம் இரண்டு நீலக் கோடும் அப்படியே நின்றது. பிறகு போன் அடித்தது. "ஏ, ஒன் போன எவனாவது களவாண்டுட்டானா?"

அந்தச் செய்தியையும் போன் வந்த நேரத்தையும் அப்படியே சேர்த்து அனுப்பினேன். இதைவிட உண்மையான உறவுக்கு வேறென்ன ஆதாரம் வேண்டும்.

ஆனால் எங்களைக் காப்பாற்றியது போட்டோவும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை, மொய் நோட்டு. திருமணத்துக்கு யார் யார் வந்தார்கள், எத்தனை பேர், நெருங்கிய உறவுகள் வந்தார்களா, வரவில்லை என்றால் ஏன் என்று படிவம் கேட்கக் கேட்க, கரிசக்காட்டு ஆளுக்கு நெஞ்சு நிமிர்கிறது. கேளு ராசா, கேளு. எங்களிடம் நீளவாட்டு நோட்டு ஒன்று இருக்கிறது. முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, தாய்மாமன் செய்முறையில் ஆரம்பித்து வரிசையாக ஊர், இனிஷியல், பெயர், தொகை. சூரங்குடி, வைப்பாறு, நாகலாபுரம், புதூர், எட்டயபுரம், பசுவந்தனை. பாதிப் பேர் கருப்பசாமி, மீதிப் பேர் மாடசாமி, அதனால் பெயருக்குப் பக்கத்தில் "டீக்கடை", "லைன்மேன்", "ரெட்டைப் பனை வீடு" என்று அடையாளம். எந்த நாட்டு அலுவலகத்திலாவது வந்தவன் காசு கட்டி வருகையைப் பதிவு செய்கிற பதிவேடு உண்டா? பொய்க் கல்யாணத்துக்கு ஆளைக் கூட்டி வந்து போட்டோ எடுத்துவிடலாம். 501 ரூபாய் மொய் எழுத வைக்க முடியுமா? எவனும் திரும்பி வராத கல்யாணத்துக்கு மொய் எழுத மாட்டான்.

வராதவர் கணக்கும் அதிலேயே இருந்தது. எங்க சித்தப்பா கல்யாணத்துக்கு வரவில்லை. வரப்போரத்தில் நின்ற ஒரு பனைமரம் யாருக்கு என்பதில் அப்பாவோடு பேச்சுவார்த்தை இல்லை. படிவத்தில் காரணம் எழுத வேண்டுமே, எழுதினேன்: எல்லைத் தகராறு, ஒரு மரம். ஆனால் நோட்டின் ஏழாவது பக்கத்தில் சித்தப்பா பெயர் இருக்கிறது, 1001 ரூபாய். மகனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறார். முகத்தில் முழிக்க மாட்டார், மொய்யை நிறுத்த மாட்டார். இதை அடிக்குறிப்பாக விளக்கி எழுதினேன். அதிகாரி அந்த வரியை எப்படி வாசித்தாரோ தெரியாது. எனக்கு எழுதும்போது கொஞ்சம் தொண்டை அடைத்தது.

நோட்டை அத்தை கையைவிட்டு வாங்குவதுதான் பாடாகிவிட்டது. "அசலைக் கேக்கானா? எவனெவனுக்கு எம்புட்டுத் திருப்பிச் செய்யணும்னு பின்ன எனக்கு எப்பிடித் தெரியும்?" என்று டிரங்குப் பெட்டிக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஜெராக்ஸ்தான் என்று சத்தியம் பண்ணி எடுத்தோம். தமிழில் இருக்கிற எதையும் மொழிபெயர்ப்பாளரை வைத்து இங்கிலீஷிலோ பிரெஞ்சிலோ மாற்றித்தான் கொடுக்க வேண்டும், குடும்பத்தார் செய்தால் செல்லாது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. முழு நோட்டையும் பெயர்த்தால் வந்த மொய் அத்தனையும் அவருக்கே போய்விடும் என்பதால், முதல் இரண்டு பக்கமும் சித்தப்பா பக்கமும் மட்டும்.

இந்தக் கல்யாணம் குடியேற்ற லாபத்துக்காகச் செய்யப்பட்டதா என்பதுதான் எல்லாக் கேள்விக்கும் அடியில் கிடக்கிற கேள்வி. கனடாவின் விதிகளில் 4ஆவது பிரிவு அதைப் பச்சையாகவே சொல்கிறது. குடியேற்றச் சலுகையை முதன்மையாக நினைத்துக் கட்டியிருந்தாலும் சரி, உறவு உண்மையானதாக இல்லாவிட்டாலும் சரி, செல்லாது. பிரிட்டனிலும் இந்த "முதன்மை நோக்கம்" விதி பல வருஷம் தெற்காசிய மாப்பிள்ளைகளைப் படாதபாடு படுத்தி, 1997இல் தொலைந்தது. எங்கள் கல்யாணத்தின் முதன்மை நோக்கம் என்னவென்று அப்பத்தாவைக் கேட்டிருந்தால் கூண்டிலேறி நின்று சொல்லியிருப்பாள். தாத்தா வைத்துவிட்டுப் போன கரிசலில் அத்தைக்குச் சேர வேண்டிய இரண்டு குறுக்கமும் எங்களுடையதும் ஒட்டினாற்போல் கிடக்கிறது. நடுவில் வேற்றாள் வரக் கூடாது. அவ்வளவுதான். கனடா இந்தக் கதைக்குள் வந்ததே ரொம்பப் பிந்தி. இரண்டு குறுக்கத்துக்காகக் கட்டினால் குற்றமா என்று படிவத்தில் எங்கும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை.

உறுதிப் பத்திரம்தான் வீட்டில் பெரிய ரகளை. கணவன் நிரந்தரவாசி ஆகிற நாளிலிருந்து 3 வருஷத்துக்கு அவருடைய அடிப்படைச் செலவுக்கு நான் பொறுப்பு. அவர் அரசாங்கத்திடம் உதவித்தொகை வாங்கினால் நான் திருப்பிக் கட்ட வேண்டும். நடுவில் சண்டை வந்து பிரிந்தாலும் பொறுப்பு போகாது. கையெழுத்துப் போடுகிறவள் ஜெயிலில் இருக்கக் கூடாது, திவாலாகியிருக்கக் கூடாது. சம்பளம் இவ்வளவு என்று கணவன் மனைவிக்குப் பெரும்பாலும் வரம்பு இல்லை. இங்கேதான் கனடா பரவாயில்லை. பிரிட்டனில் 2024 ஏப்ரலிலிருந்து வருஷத்துக்கு 29,000 பவுண்டு சம்பாதித்தால்தான் புருஷனைக் கூப்பிடலாம். இதையெல்லாம் விளக்கிச் சொன்னதும் அத்தை முந்தானையை உதறினாள். "எம் மகன் என்ன களவாணிப் பயலா, நீ ஜாமீன் எடுக்க?" அப்பத்தாவின் சந்தேகம் வேறு. "மூணு வருசம்னா, அதுக்கப்புறம் சோறு போட மாட்டியா?" மச்சான் எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி மட்டும் கேட்டார், "நான் அங்க ஒரு டீ குடிச்சாக்கூட ஒன் கணக்குலதான் வருமா?"

எங்கள் பக்கத்து ஆம்பிளைகளுக்கு வெளிநாடு புதுசில்லை. தூத்துக்குடியில் ஏறினால் கொழும்பு. எங்க வீட்டிலேயே ஒரு தாத்தா அங்கே கடையில் இருந்தார். பெண்டாட்டி ஊரில் மாட்டையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு இருப்பாள், இவர் கோயில் கொடைக்கு வந்து போவார். அதுதான் ஒழுங்கான குடும்பம் என்று ஊர் சொன்னது. 1949இல் இலங்கையில் இந்திய, பாகிஸ்தானிய வாசிகளுக்கான குடியுரிமைச் சட்டம் வந்தது. தனி ஆளென்றால் பத்து வருஷம், குடும்பஸ்தன் என்றால் ஏழு வருஷம் தொடர்ந்து அங்கே இருந்ததாகக் காட்ட வேண்டும். குடும்பஸ்தனுடைய மனைவியும் அங்கேயே இருந்திருக்க வேண்டும். ஊரில் ஒழுங்காக மாடு பார்த்துக்கொண்டிருந்த பெண்டாட்டிதான் அந்த விண்ணப்பங்களுக்கு வினையானாள். இடைசெவல் கு. அழகிரிசாமி மாதிரி விவரமானவர்கள் வேறு தினுசு. மலாயாவுக்குப் பத்திரிகை வேலைக்குப் போனவர் அங்கேயே கல்யாணம் பண்ணி, மனைவியோடு ஊர் திரும்பினார். படிவம் மிச்சம்.

கனடாவும் சும்மா இல்லை. 1908இல் இந்தியாவிலிருந்து எங்கும் நிற்காமல் நேராக வருகிற கப்பலில்தான் வர வேண்டும் என்று ஒரு விதி போட்டார்கள், அப்படி ஒரு கப்பல் ஓடாது என்று தெரிந்தே. அங்கே ஏற்கெனவே மரம் அறுக்கிற வேலையில் இருந்த பஞ்சாபிகள் மனைவியைக் கூப்பிட முடியவில்லை. 1912இல் வான்கூவரில் வந்து இறங்கிய இரண்டு சீக்கியப் பெண்களைத் திருப்பி அனுப்ப உத்தரவு போட்டு, பிறகு போனால் போகிறதென்று விட்டார்கள். மனைவி மக்களை அழைக்கலாம் என்று பொதுவாக ஒத்துக்கொண்டது 1919இல். அந்தப் பெண்களோடு ஒப்பிட்டால் எனக்கு வந்தது படிவம் மட்டும்தான். அதனால் 2024 கட்டணப்படி 1,205 டாலரும், கைரேகைக்கு 85 டாலரும் முணுமுணுக்காமல் கட்டினேன். கொஞ்சமாகத்தான் முணுமுணுத்தேன்.

மச்சானுக்கு அலைச்சல். போலீஸ் சான்றிதழுக்குத் திருநெல்வேலி, கைரேகைக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் சென்னை. விசாரிக்க வீட்டுக்கு வந்த காவலருக்கு அப்பத்தா கருப்பட்டிக் காப்பி கொடுத்து, "பய நல்லவன்தான், கோவம் மட்டும் கொஞ்சம் வரும்" என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறாள். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. சர்க்கரை இருந்தால் கனடாக்காரன் விட மாட்டான் என்று யாரோ கிளப்பிவிட, மச்சான் ஒரு மாசம் கடலை மிட்டாயைத் தொடவில்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அது எவ்வளவு பெரிய தவம்! உண்மையில் வைத்தியச் செலவு அதிகமாகும் என்று கணவன் மனைவியைத் தள்ளிவிட அந்தச் சட்டத்தில் இடமில்லை. காசநோய் மாதிரி மற்றவருக்குப் பரவுவதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள். நான் இதைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

காத்திருந்த காலத்தில் நான் கனடாவிலேயே இருந்தாக வேண்டும். குடியுரிமை வாங்கினவர் வெளிநாட்டில் உட்கார்ந்தும் ஸ்பான்சர் செய்யலாம், நிரந்தரவாசி அங்கேயே குடியிருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்தில் முடிப்பது இலக்கு என்று போட்டிருந்தார்கள். புரட்டாசியில் விண்ணப்ப எண் வந்தது, மாசியில் ஒரு கடிதம், ஆடிக்குள் ஒரு கடிதம். அடுத்த ஐப்பசியில் பாஸ்போர்ட்டை அனுப்பச் சொன்னார்கள். நான் அலுவலகக் கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு மச்சானைக் கூப்பிட்டேன். காற்றுச் சத்தம் பலமாகக் கேட்டது. "சரி. ஆனா இப்பத்தான் வெதச்சிருக்கு. உளுந்து எடுத்துட்டு வாரேன்." விசாவில் இந்தத் தேதிக்குள் இறங்க வேண்டும் என்று கெடு இருக்கிறது என்றேன். "கெடு மாசி தாண்டிப் போகுதா?" போகுது. "பின்ன என்ன."

மாசிக் கடைசியில் டொராண்டோ பியர்சன் விமான நிலையத்தில் இறங்கினார். அத்தை கட்டிக் கொடுத்த பெட்டியில் வத்தல், மல்லி, கருப்பட்டி. கைப்பையில், அதிகாரி கேட்டால் காட்டு என்று அவள் திணித்துவிட்ட கல்யாண ஆல்பம். நான் ஒதுக்கிவைத்த பக்கம் உட்பட, முழுசாக. குடிவரவு மேசையில் இருந்த பெண்மணி ஆல்பத்தைக் கேட்கவே இல்லை. இவராகவே எடுத்து நீட்டியிருக்கிறார். அந்த அம்மா புரட்டிக்கொண்டே வந்து நயாகராவில் நின்று, ஏற்கெனவே போயிருக்கிறீர்களா என்று கேட்டாராம். மச்சான் தன் இங்கிலீஷ் முழுவதையும் திரட்டிப் பதில் சொல்லியிருக்கிறார்: "நோ மேடம். திஸ் விளாத்திகுளம்."